டிசம்பர் 31க்கு முன்: திருகோணமலையில் துவக்கு வைத்திருப்போர் சட்டத்துடன் ஒத்து நடப்பது எப்படி

தம்பலகாமத்திலும் கந்தளாய்க் குளத்தின் கீழுள்ள ஏனைய வயல்களிலும் பெரும்போக விதைப்பு பெரும்பாலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் நடக்கிறது. பயிர் குடலைப் பருவத்தைத் தாண்டிப் பால் பிடிக்கும் நாட்கள் தைப் பொங்கலை ஒட்டி வருகின்றன. காட்டுப் பன்றிகள் இரவில் வயலுக்குள் இறங்குவதும் அப்போதுதான். வயற்காவலுக்கென்று துவக்கு வைத்திருக்கும் கமக்காரர் அதை வெளியில் எடுக்கத் தொடங்கும் காலமும் அதுவே. ஆனால் அவருடைய அனுமதிப்பத்திரம் அதற்கு முன்பே, டிசம்பர் 31ஆம் திகதியுடன் காலாவதியாகிவிடுகிறது. அதை அவர் புதுப்பிக்காமல் விட்டிருந்தால், டிசம்பர் கடைசி இரவில் பரணில் சட்டப்படி இருந்த அதே துவக்கு, ஜனவரி முதல் இரவில் சட்டவிரோதத் துவக்காகிவிடும். துவக்கும் மாறவில்லை, வயலும் மாறவில்லை, வைத்திருப்பவரும் மாறவில்லை. ஆயினும் பொலிஸார் வந்து கேட்டால் அவரிடம் காட்டுவதற்கு எதுவும் இராது.

எங்கள் பகுதியில் துவக்குத் தொடர்பாக நீதிமன்றப் படியேறியவர்கள் சிலரை நான் அறிவேன். அவர்களுள் எவரும் கெட்ட நோக்கத்துடன் துவக்கு வைத்திருந்தவர்கள் அல்லர். விதைப்பு வேலையில் மூழ்கி ஒருவர் திகதியைத் தவறவிட்டார். இன்னொருவர் தகப்பன் இறந்தபின் அவருடைய துவக்கை அலுமாரியின் பின்னால் அப்படியே வைத்திருந்தார். வேறொருவர் தன் காவற்காரரின் கையில் துவக்கைக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்திருந்தார். அயலவர்களுக்கு விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது நெடுநாளாக என் வழக்கமாக இருப்பதால், இந்தத் தவறுகள் எங்கே தொடங்குகின்றன என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவற்றைத் தவிர்க்கும் வழிகளையே இங்கே எழுதுகிறேன்.

உங்கள் துவக்கு யாருடைய அதிகாரத்தின் கீழ் வருகிறது

இலங்கையில் துவக்குகளை ஆளும் அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமாகும். நூறு ஆண்டுகளைத் தாண்டிய இந்தச் சட்டம் பல தடவைகள் திருத்தப்பட்டிருக்கிறது. அவற்றுள் 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக உயர்த்தியது. அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருப்பதைக் கட்டளைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. தானியங்கித் துப்பாக்கி ஒன்று அனுமதியின்றி ஒருவரிடம் அகப்பட்டால் ஆயுட்காலச் சிறை வரை செல்லக்கூடிய குற்றமாக அது கருதப்படுகிறது. ஆகவே, வயல் வாடியில் எப்போதோ எவரோ விட்டுச்சென்ற ஒரு பழைய ஆயுதத்தை “இருந்துவிட்டுப் போகட்டும்” என்று எண்ணி வைத்திருப்பது எந்த வகையிலும் பாதுகாப்பான முடிவாகாது. போர் நடந்த மண்ணாகையால், காணி துப்புரவாக்கும்போது இத்தகைய பொருட்கள் இன்னமும் வெளிப்படலாம். கண்டால் கை வைக்காமல், இடத்தை அடையாளப்படுத்திவிட்டு, 119 என்ற இலக்கத்துக்கோ அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ உடனே அறிவிக்க வேண்டும்.

பயிர்ப் பாதுகாப்புக்கென்று வழங்கப்படும் சொட்கன்களின் அனுமதிப்பத்திரங்களை மாவட்டச் செயலாளர், அதாவது நாம் இன்றும் கச்சேரி என்று சொல்லும் மாவட்டச் செயலகத்தின் அரசாங்க அதிபர், கையாளுகிறார். தற்பாதுகாப்புக்கென்று வழங்கப்படும் பிஸ்டல், ரிவோல்வர் போன்றவை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருகின்றன. அந்த அமைச்சு இப்போது பத்தரமுல்லை அக்குரேகொடையில் இயங்குகிறது. ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு சில சமயம் குழப்பத்தைத் தருகிறது. உள்ளே வரிக்கீறல் உள்ள குழாயைக் கொண்ட ரைபிளும் மென்குழாய் கொண்ட சொட்கனும் பார்வைக்கு ஒத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அவற்றின் வகையும் ஆபத்தும் ஒன்றல்ல. உங்கள் விடயத்தில் யார் அதிகாரி என்பதை அறிய மிக எளிய வழி, கையிலிருக்கும் அனுமதிப்பத்திரத்தில் ஒப்பமிட்டவரின் பதவிப் பெயரைப் பார்ப்பதுதான். அவரே புதுப்பிப்பவர், அவருக்கே நீங்கள் முகவரி மாற்றத்தையும், இழப்பையும், விற்பனையையும் அறிவிக்க வேண்டியவர். தெரிந்தவர் ஒருவர் “எல்லாம் கச்சேரியில்தான்” என்றோ “எல்லாம் கொழும்பில்தான்” என்றோ சொன்னால், அவருடைய துவக்கு எந்த வகை, எதற்காக வழங்கப்பட்டது என்பதை முதலில் கேளுங்கள்.

காற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விளையாட்டுப் பொருள்போல் விற்கப்பட்டது என்பதற்காகவே ஒன்று சட்டத்துக்கு வெளியே போய்விடாது. ஒரு பொருளைத் துவக்கு என்று தீர்மானிக்கும்போது அதிலிருந்து புறப்படும் குண்டின் விசையும் கணக்கில் வருகிறது. ஆகவே வாங்குவதற்கு முன்னர் கச்சேரியில் எழுத்தில் கேட்டுப் பதில் பெற்றுக்கொள்வதே முறை.

விதிகள் மாறும் மூன்று வாசல்கள்

“சட்டம் மாறிவிட்டதாம்” என்று தேநீர்க் கடையில் ஒருவர் சொல்லும்போது, எது மாறியது என்பதை அவரால் பெரும்பாலும் சொல்ல முடியாது. விதிகள் மாறுவதற்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன. செய்தி எந்த வாசலால் வந்தது என்று பார்த்தால்தான் அதன் பாரத்தை மதிப்பிடலாம்.

முதலாவது, நாடாளுமன்றம் கட்டளைச் சட்டத்தையே திருத்துவது. இது அரிதாக நடக்கும். நடந்தால் தண்டனையும் வரைவிலக்கணமும் மாறும். இரண்டாவது, அமைச்சர் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதிகளை ஆக்கி வர்த்தமானியில் வெளியிடுவது. கட்டணம், படிவம், வழங்கும் நிபந்தனைகள் ஆகியவை பெரும்பாலும் இவ்வாறு மாறுகின்றன. அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையதளத்தில் வர்த்தமானிகள் மூன்று மொழிகளிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. கைப்பேசியில் தரவிறக்கத் தெரிந்த பிள்ளை வீட்டுக்கு வீடு இருக்கிறது. மூன்றாவது, அமைச்சோ மாவட்டச் செயலகமோ வெளியிடும் சுற்றறிக்கையும் பொது அறிவித்தலும். நடைமுறையில் நம்மை அடிக்கடி தொடுவது இந்த மூன்றாவது வாசல்தான். புதுப்பித்தலுக்கான நாட்கள், மேலதிகமாகக் கேட்கப்படும் சான்றுகள், துவக்கை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டுமா என்பன யாவும் இவ்வழியே வருகின்றன.

இதற்கு அண்மைய உதாரணம் 2024ஆம் ஆண்டின் இறுதியில் கிடைத்தது. தற்பாதுகாப்புக்கென்று தனியாருக்கு வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. வெலிசறைக் கடற்படை முகாமிலுள்ள வர்த்தக வெடிபொருள், துப்பாக்கி, தோட்டாக் கொள்வனவுப் பிரிவு ஒப்படைக்கும் இடமாகக் குறிக்கப்பட்டது. முதலில் நவம்பர் 7ஆம் திகதி என்றிருந்த காலக்கெடு பின்னர் நீடிக்கப்பட்டது. சட்டத்தின் ஓர் எழுத்தும் மாறாத நிலையில், செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் கையில் இருந்தவர்களும் தங்கள் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டியதாயிற்று. அந்த அறிவித்தல் தற்பாதுகாப்பு ஆயுதங்களைப் பற்றியதென்பதை வாசிக்காமல், எங்கள் பக்கத்தில் பயிர்க்காவல் சொட்கன் வைத்திருந்த சிலர் கலங்கிப்போனார்கள். அறிவித்தலின் முதல் வரியில் “எந்த நோக்கத்துக்காக வழங்கப்பட்ட துவக்கு” என்று எழுதப்பட்டிருப்பதைத் தேடிப் படிப்பதே அத்தகைய வேளையில் செய்ய வேண்டிய முதல் காரியம்.

அலுவலகத்தில் ஒருவர் “புதுச் சுற்றறிக்கை வந்திருக்கிறது, இனி இப்படித்தான்” என்று வாயால் சொன்னால், பணிவாக அதன் இலக்கத்தையும் திகதியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதனால் எவரும் கோபிக்க வேண்டியதில்லை. நல்ல உத்தியோகத்தர் அதைத் தாமாகவே எடுத்துக் காட்டுவார். காட்ட மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். கிழக்கு மாகாணத்தில் தமிழும் நிருவாக மொழியாக இருப்பதால், விண்ணப்பத்தைத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் மட்டும் தரப்பட்ட ஒரு படிவத்தில் புரியாமல் ஒப்பமிடுவதைவிட, தமிழ்ப் படிவம் கேட்டு இன்னொரு நாள் அலைவது மேல். துவக்கு விடயத்தில் நீங்கள் எதற்கு ஒப்பமிட்டீர்கள் என்பதே பிறகு உங்களை நோக்கிக் கேட்கப்படும் முதல் கேள்வி. பொதுவான விளக்கங்களுக்கு 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலையத்தை அழைக்கலாம். அங்கேயும் தமிழில் பேசலாம்.

ஒக்டோபர் மாதத்து வேலை

அடுத்த ஆண்டுக்கான புதுப்பித்தல் அண்மைக் காலங்களில் ஒக்டோபர் 1ஆம் திகதி தொடங்கி டிசம்பர் 31ஆம் திகதி வரை நடைபெறுகிறது. மூன்று மாதங்கள் என்பது கேட்பதற்கு நீண்ட காலமாகத் தோன்றலாம். ஆனால் அந்த மூன்று மாதங்களும் நமக்கு உழவு, விதைப்பு, பசளை, வடகீழ்ப் பருவமழை என்று கழிகின்றவை. வெருகலிலிருந்தோ ஈச்சிலம்பற்றிலிருந்தோ ஒருவர் திருகோணமலைப் பட்டினத்துக்குப் போய்வர ஒரு நாள் முழுவதும் போய்விடும். மழை பிடித்துக்கொண்டால் அந்த நாளும் கிடைக்காது. நத்தார் விடுமுறைக்குப் பிந்திய நாட்களில் கச்சேரியில் வரிசை நீளும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயினும் ஆண்டுதோறும் அந்த வரிசையில் நிற்பவர்களும் அதே முகங்களே.

எனவே பெரும்போகத்துக்கான ஆரம்பக் கூட்டம் நடக்கும் நாளை உங்கள் ஞாபகக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வதுண்டு. நீர் திறக்கும் திகதியும் விதைப்பு முடிக்கும் திகதியும் தீர்மானிக்கப்படும் அந்தக் கூட்டத்துக்குக் கமக்காரர் அமைப்பின் அங்கத்தவர்கள் எப்படியும் போகிறார்கள். வீடு திரும்பியதும் அனுமதிப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், முகவரி ஆகியவை இன்றைய நிலையுடன் ஒத்திருக்கின்றனவா? துவக்கில் பொறிக்கப்பட்டுள்ள தொடர் இலக்கமும் பத்திரத்தில் எழுதப்பட்ட இலக்கமும் ஓரெழுத்தும் பிசகாமல் ஒன்றாக இருக்கின்றனவா? பழைய துவக்குகளில் துருவும் எண்ணெயும் படிந்து இலக்கம் மங்கியிருக்கும். எட்டை மூன்றாகவும் ஏழை ஒன்றாகவும் யாரோ ஒரு காலத்தில் எழுதி, அதுவே ஆண்டுக்கு ஆண்டு பிரதி செய்யப்பட்டு வந்திருக்கலாம். இத்தகைய பிழையை நீங்களே முன்வந்து எழுத்தில் அறிவித்தால் அது திருத்தம். சோதனையில் பொலிஸார் கண்டுபிடித்தால், பத்திரத்தில் இல்லாத ஒரு துவக்கை வைத்திருப்பதாகவே அது தோன்றும். மங்கிய இலக்கத்தை நீங்களே ஆணி கொண்டு கீறித் தெளிவாக்க முற்பட வேண்டாம். இலக்கத்தை மாற்றியதாகச் சந்தேகம் எழுந்தால் அதை விளக்கித் தீர்ப்பது மிகக் கடினம்.

புதுப்பிப்பதற்குப் போகும்போது முன்னைய ஆண்டின் பத்திரம், தேசிய அடையாள அட்டை, இன்னமும் அந்த நிலத்தில் பயிர் செய்கிறீர்கள் என்பதைக் காட்டும் ஆவணங்கள் ஆகியவற்றைக் கொண்டுசெல்லுங்கள். கிராம உத்தியோகத்தரின் சான்றும், பிரதேச செயலாளரின் பரிந்துரையும், பொலிஸ் அறிக்கையும் தேவைப்படும் சந்தர்ப்பங்கள் இருக்கின்றன; இவ்வாண்டு எவை தேவை என்பதை ஒக்டோபரிலேயே கேட்டுவிட்டால், ஒவ்வொன்றுக்கும் எடுக்கும் நாட்களைக் கணக்கிட்டு நடக்கலாம். நிலத்தை விற்றுவிட்டீர்கள், குத்தகைக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அதை மறைக்கக் கூடாது. பயிர்ப் பாதுகாப்பு என்ற காரணத்துக்காகவே அந்தத் துவக்கு வழங்கப்பட்டது; காரணம் நீங்கிய பின்னர் துவக்கு மட்டும் எஞ்சியிருப்பது சட்டத்தின் நோக்கத்துக்கு முரணானது. கட்டணம் செலுத்திய பற்றுச்சீட்டை அனுமதிப்பத்திரத்தின் பின்னால் இணைத்து வையுங்கள். பத்திரம் கைக்கு வரத் தாமதமானால், நீங்கள் காலத்துக்குள் விண்ணப்பித்தீர்கள் என்பதற்கு அதுவே ஆதாரம்.

புதிதாகத் துவக்குப் பெற விரும்புவோர் இந்த வழியை மறுபக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். அனுமதி எழுத்தில் கிடைத்த பின்னரே துவக்கை வாங்க வேண்டும். ஊரில் ஒருவர் விற்கிறார், விலையும் மலிவு என்று முதலில் வாங்கி வைத்துவிட்டுப் பிறகு பத்திரம் எடுக்கலாம் என்று நினைப்பவருக்கு, இடைப்பட்ட ஒவ்வொரு நாளும் குற்றத்தின் நாளே.

துவக்கு யாருடைய கையில் இருக்கலாம்

அனுமதிப்பத்திரம் ஒரு துவக்குக்கும் ஒரு மனிதருக்கும் இடையிலானது. வீட்டாருக்கோ, வயலுக்கோ, காவற்குடிலுக்கோ அது வழங்கப்படுவதில்லை. நமது குடும்ப வழக்கத்துக்கு இது சற்று அந்நியமாகவே இருக்கிறது. மண்வெட்டியையும் மருந்தடிக்கும் இயந்திரத்தையும் அண்ணன் தம்பி மாறிமாறிப் பாவிப்பதுபோல் துவக்கையும் பாவிக்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். பத்திரத்தில் பெயரில்லாத மகன் பரணில் துவக்குடன் இருந்தால், மகனும் தகப்பனும் இருவருமே சிக்கலில் மாட்டுவார்கள். கூலிக்குக் காவல் இருப்பவரிடம் கொடுப்பது அதைவிடவும் பாரதூரமானது, ஏனெனில் ஏதேனும் நடந்துவிட்டால் முழுப் பழியையும் சுமக்கப்போகும் அந்த ஏழை மனிதரிடம், மறுக்கத் துணிவில்லாத நிலையில், ஓர் ஆபத்தைத் திணிக்கிறோம். நீங்கள் காவலுக்குப் போக முடியாத இரவுகளில் துவக்கு வீட்டில் பூட்டப்பட்டிருக்கட்டும். வயலில் தகரம் தட்டவும், தீ மூட்டவும், வெளிச்சம் அடிக்கவும் ஆட்கள் இருந்தால் போதும்.

துவக்கைத் தோட்டா நீக்கி, பூட்டக்கூடிய பெட்டியில் வைத்து, தோட்டாக்களை வேறோரிடத்தில் பூட்டி, இரண்டு திறப்புகளையும் உங்களிடமே வைத்திருங்கள். கூரைத் தீராந்தியில் செருகி வைப்பது பிள்ளைகளுக்கு எட்டாது என்று நினைத்த வீடுகளில் நடந்த விபத்துகளை ஊரில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். வயலுக்குக் கொண்டுசெல்லும்போது தோட்டா ஏற்றாமல், உறையிலிட்டு, அனுமதிப்பத்திரத்தை உடன் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கும் வயலுக்கும் இடையிலான நேர்வழியில் செல்லுங்கள். இடையில் கடைத்தெருவில் இறங்கி நிற்பது, கலியாண வீட்டுக்குப் போவது, கோயில் திருவிழாவில் வெடி தீர்ப்பது ஆகியன வழங்கப்பட்ட நோக்கத்துக்கு வெளியானவை.

தோட்டாக்களை அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் மட்டுமே, பத்திரத்தைக் காட்டி, அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் வாங்க வேண்டும். அயலவரிடம் இரண்டு தோட்டாக் கைமாற்று வாங்குவதையும் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். வெடிமருந்தை வீட்டில் வைத்துத் தோட்டா நிரப்புவது 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்தையும் துணைக்கு அழைப்பதாகும். இடியன் துவக்கு என்று நாம் சொல்லும் உள்ளூர்த் தயாரிப்புகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. அனுமதியின்றித் துவக்குச் செய்வதும் வைத்திருப்பதும் குற்றமே, அத்துடன் அது முதலில் காயப்படுத்துவது பெரும்பாலும் சுடுபவரையே.

எங்கே, எதைச் சுடக் கூடாது

துவக்குக்கான அனுமதிப்பத்திரம் வேட்டைக்கான அனுமதி அல்ல. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாததால்தான் நல்ல கமக்காரர்கள் பலர் வனஜீவராசிகள் திணைக்களத்தின் வழக்குகளில் நிற்கிறார்கள். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அதற்கு 2009இல் வந்த 22ஆம் இலக்கத் திருத்தமும் இங்கே ஆளுகின்றன. யானை, மரை, புள்ளிமான் ஆகியவற்றைக் கொல்வது உங்கள் வயலுக்குள் நடந்தாலும் குற்றம். யானை இறங்கினால் துவக்கைத் தொடாமல் 1992 என்ற திணைக்களத்தின் அவசர இலக்கத்துக்கு அறிவியுங்கள். யானை வெடிகளைத் திணைக்களத்தினூடாகப் பெறலாம். சொட்கன் ரவை யானையை நிறுத்துவதில்லை. அது தோலுக்குள் சீழ்பிடித்து, வலியில் வெறிகொண்ட ஒரு விலங்கை அடுத்த கிராமத்துக்கு அனுப்பி வைக்கிறது.

உங்கள் வயல் எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நமது மாவட்டத்தில் 1970இல் பிரகடனப்படுத்தப்பட்ட சேருவில–அல்லைச் சரணாலயம் இருக்கிறது. மகாவலிக் கரையில் சோமாவதி தேசியப் பூங்கா இருக்கிறது. பட்டினத்தை ஒட்டியும் கடற்படைத் தளத்தைச் சூழ்ந்த சரணாலயம் இருக்கிறது. தேசியப் பூங்காவுக்குள் துவக்குடன் நுழைவதே குற்றம். சரணாலயங்களின் நிலை இன்னும் நுணுக்கமானது, ஏனெனில் தனியார் காணிகளும் அவற்றுக்குள் அடங்கலாம். உறுதி உங்கள் பெயரில் இருக்கலாம், பரம்பரையாக விதைத்து வரலாம். ஆயினும் அங்கே சுடுவது வேறு சட்டத்துக்குள் விழக்கூடும். சேருவில, மூதூர், வெருகல் பக்கத்தவர்கள் காட்டோரக் காணிக்குத் துவக்குக் கேட்பதற்கு முன்னரே, வனஜீவராசிகள் அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்துத் தங்கள் காணியை அடையாளம் காண்பது நல்லது.

கட்டுத்துவக்கைப் பற்றி என்னால் அமைதியாக எழுத முடியாது. பன்றி வரும் பாதையில் கம்பி இழுத்து, அதில் பட்டால் வெடிக்கும்படி வைக்கும் அந்தப் பொறிக்கு எதிரே வருவது யார் என்று தெரியாது. விறகுக்குப் போன பெண்ணும், மாடு தேடிப் போன சிறுவனும், வைத்தவரின் சொந்தத் தம்பியும் அதில் பட்டிருக்கிறார்கள். என் அயலவர் ஒருவர் முழங்காலுக்குக் கீழே இழந்த கால் அப்படி ஒரு விடியற்காலையில் போனது. பொறி வைத்தவர் அவருடன் ஒன்றாகப் படித்தவர். எந்த அனுமதிப்பத்திரமும் கட்டுத்துவக்கை அனுமதிப்பதில்லை. பூசணிக்காய்க்குள்ளோ கருவாட்டுக்குள்ளோ மறைத்து வைக்கப்படும் ஹக்கபட்டாஸ் என்ற வாய்வெடியும் அப்படியே. பன்றிக்கு வைத்ததை யானைக் கன்றுகள் கடித்து, தாடை சிதைந்து, நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகின்றன. உங்கள் வயலைச் சுற்றி எவரேனும் இவற்றை வைப்பதைக் கண்டால் மௌனமாக இருக்காதீர்கள்.

அரசு மீளக் கேட்கும்போது

மீளாய்வுக்கென்றோ, பாதுகாப்புக் காரணங்களுக்கென்றோ துவக்குகளை ஒப்படைக்கச் சொல்லும் அறிவித்தல்கள் இந்த நாட்டில் புதியவை அல்ல. சட்டவிரோத ஆயுதங்களைத் தண்டனையின்றிக் கையளிக்கப் பொது மன்னிப்புக் காலங்களும் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. 2020 பெப்ரவரியில் அத்தகைய ஒரு வாரம் இருந்தது. பத்திரமில்லாத ஒரு துவக்குத் தற்செயலாக உங்கள் பொறுப்பில் வந்திருந்தால், அடுத்த மன்னிப்புக் காலம் வரட்டும் என்று காத்திருக்காமல் சட்டத்தரணி ஒருவரின் துணையுடன் உடனே பொலிஸாரை அணுகுவதே என் ஆலோசனை.

ஒப்படைக்கும் வேளையில் எதைப் பெற்றுக்கொண்டு திரும்ப வேண்டும் என்பதை எங்கள் வீட்டு அனுபவம் எனக்குக் கற்பித்தது. போர்க்காலத்தில் எங்கள் ஐயா தன்னுடைய இரட்டைக் குழல் துவக்கை ஓர் அலுவலகத்தில் ஒப்படைத்தார். ஒரு துண்டுத் தாளில் ஒருவர் ஏதோ எழுதிக் கொடுத்தார். அதில் துவக்கின் இலக்கம் இல்லை, பெற்றவரின் பதவி இல்லை, முத்திரையும் இல்லை. பிறகு இடம்பெயர்வில் அந்தத் தாளும் போயிற்று. ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது, அப்படி ஒன்று அங்கே வந்ததாகவே பதிவில் இல்லை என்றார்கள். ஐயாவுக்குத் துவக்கு போனது பெரிய கவலையாக இருக்கவில்லை. தன் பெயரில் பதியப்பட்ட ஒரு துவக்கு எங்கேயோ, யாருடைய கையிலேயோ இருக்கிறது, அதனால் எதுவும் நடந்தால் தன்னைத் தேடி வருவார்கள் என்ற பயமே அவரை இறக்கும் வரை உறுத்திக்கொண்டிருந்தது.

ஆகவே ஒப்படைக்கும்போது துவக்கின் வகை, தயாரிப்பாளர் பெயர், தொடர் இலக்கம், உடன் கொடுத்த தோட்டாக்களின் எண்ணிக்கை, அனுமதிப்பத்திர இலக்கம், திகதி, நேரம், பெற்றுக்கொண்ட உத்தியோகத்தரின் பெயர், பதவி, ஒப்பம், அலுவலக முத்திரை ஆகிய யாவும் அடங்கிய பற்றுச்சீட்டைப் பெற்ற பின்னரே அந்த இடத்தை விட்டு எழும்புங்கள். எழுதிக் கொடுப்பவர் அவசரப்பட்டால் நீங்களே இரண்டு பிரதிகளாக எழுதிக் கொண்டுபோய் ஒப்பத்தை மட்டும் கேட்கலாம். பிரதியொன்றைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள்; மூலத்தைக் காணி உறுதியுடன் ஒரே உறையில் வையுங்கள். இடம்பெயர்வோ வெள்ளமோ வந்தால் நாம் முதலில் தூக்கிக்கொண்டு ஓடுவது அந்த உறையைத்தானே.

இழப்பும் இறப்பும்

துவக்குக் களவு போனாலோ தொலைந்தாலோ, தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து, முறைப்பாட்டின் பிரதியைப் பெற்று, அதை இணைத்து அனுமதி வழங்கிய அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அறிவியுங்கள். முறைப்பாட்டு நேரத்துக்கு முன்னர் அந்தத் துவக்கால் நடந்த எதற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரலாம். அனுமதிப்பத்திரம் மட்டும் தொலைந்தாலும் இதே வழிதான். துவக்கு வீட்டில் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம்.

அனுமதிப்பத்திரக்காரர் இறந்துவிட்டால், அவருடைய அனுமதி அவருடனேயே முடிந்துவிடுகிறது. மனைவிக்கோ மூத்த மகனுக்கோ அது தானாக இறங்குவதில்லை. எட்டுச் செலவும் அந்தியேட்டியும் முடியட்டும் என்று குடும்பத்தார் காத்திருப்பதை நான் புரிந்துகொள்கிறேன்; ஆனால் துவக்கு விடயத்தில் அந்த முப்பத்தொரு நாள் பொறுமை நமக்கு இல்லை. குடும்பத்தில் நிதானமான ஒருவர், கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்துவிட்டு, முன்கூட்டியே பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குத் தொலைபேசியில் சொல்லி, துவக்கையும் எஞ்சிய தோட்டாக்களையும் பத்திரத்தையும் பாதுகாப்புக்காக ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெற வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் துவக்கைத் தூக்கிக்கொண்டு பாதையில் நடப்பவர் உரிமையற்ற ஒருவரே என்பதால்தான் முன்கூட்டிய அழைப்பை வலியுறுத்துகிறேன். பல சந்தர்ப்பங்களில் பொலிஸாரே வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்வார்கள். அதன்பின் மரண அத்தாட்சிப் பத்திரத்துடன் கச்சேரிக்கு எழுத்தில் அறிவித்து, வாரிசுகளுள் ஒருவர் அந்தத் துவக்கைத் தொடர்ந்து வைத்திருக்க விரும்பினால், ஏனைய வாரிசுகளின் சம்மதக் கடிதங்களையும் சேர்த்துத் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கலாம். எவரும் விரும்பாவிட்டால் அதையும் எழுத்தில் சொல்லி, துவக்கை அரசிடமே விட்டுவிட்டதற்கான ஒப்புகையைப் பெற்று, அதையும் அந்தக் காணி உறுதி உறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.